வெங்காயப் புழுவுக்கு வேப்பங்கரைசல்: கிணத்துத் தண்ணிக்கு என்ன வழி?

வணக்கம். யாழ்ப்பாணம் உரும்பிராய்ப் பக்கம் செம்பாட்டு மண், 2 பரப்புக் காணியில சின்ன வெங்காயம். இலைக்குள்ள புழு. வெளியில பார்த்தால் இலையில கண்ணாடி மாதிரி வெள்ளைத் திட்டு. கிழிச்சுப் பார்த்தால் உள்ளுக்குப் பச்சைப் புழுவும் எச்சமும். உள்ளுக்குப் போன புழுவில எந்தத் தெளிப்பும் படாது. அதால பஞ்சு மூடின முட்டைக் குவியலை நுனியோட கிள்ளி அழிச்சு, குஞ்சுப் புழுவா இருக்கேக்கையே வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறம்.

அளவு: 16 லீற்றர் டாங்கிக்கு 800 கிராம் வேப்பம் பருப்பு. இடிச்சு, துணியில கட்டி, இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழிஞ்சு வடிக்கிறது. வெயில் வேப்பஞ்சத்தைக் கெடுக்கும் எண்டபடியால் பின்னேரத்திலதான் அடிப்பு.

சிக்கல் தண்ணியிலதான். சுண்ணக்கல்லுக் கிணறு, நல்ல வன்தண்ணி. சவர்க்காரம் கரையாமல் திரைஞ்சு மிதக்குது, நொசிலை அடைக்குது. சவர்க்காரம் இல்லாட்டி மெழுகு இலையில கரைசல் ஒட்டாமல் உருண்டு விழுது. போதாக்குறைக்குக் காரத் தண்ணியில வேப்பஞ்சத்தும் கெதியாச் சிதையும்.

மழைத்தண்ணி சேர்த்து வச்சு அடிக்கிற ஆக்கள் இருக்கிறீங்களோ? காரத்தைக் குறைக்கத் தேசிக்காய்ப் புளி விடுறதெண்டால் டாங்கிக்கு எவ்வளவு? சவர்க்காரத்துக்குப் பதிலாப் பூந்திக்கொட்டை பாவிச்சவை ஆராவது?

இன்னொண்டு: அடியழுகலுக்கு ட்ரைக்கோடெர்மாவை (அழுகல் பூஞ்சையை அடக்கிற நல்ல பூஞ்சை) உக்கின மாட்டெருவில கலந்து நடுகைக்கு முன்னம் போட யோசிக்கிறம். வேப்பம் பிண்ணாக்கையும் அதோட சேர்த்தே போடலாமோ, இடைவெளி விடவேணுமோ? செய்து பார்த்தாக்கள் அளவோட சொல்லுங்கோ. கடை மருந்துப் பேர் வேண்டாம்.