ஆப்பிலிருந்து சி கோடைக் கூப்பிட்ட அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்க

நொய்யல்கரை (திருப்பூர்)
ஒரு சாயப்பட்டறைக்கு ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுத்தேன். துணியின் ஷேடு சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று டெல்டா ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்லும் எண்) கணக்குப் போடும் சி கோடு அவர்களிடம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லினில் புதிதாக எழுதலாம்தான். ஆனால் தசமத்தில் கொஞ்சம் விலகினாலும் டையிங் மாஸ்டர் ஏற்க மாட்டார். அதனால் அதே கோடு, ஜேஎன்ஐ (ஜாவா, கோட்லினிலிருந்து சி கோடைக் கூப்பிடும் பாலம்) வழியாக.

கணக்கில் ஒரு தொல்லையும் இல்லை. பெயரில்தான் எல்லாம். சி பக்கத்து ஃபங்ஷன் பெயர் ஜாவா என்று தொடங்கி, கோட்லின் பக்கத்து பேக்கேஜ், கிளாஸ், மெத்தட் பெயர்கள் எல்லாம் அண்டர்ஸ்கோரால் கோத்து வர வேண்டும். பெயருக்குள்ளேயே அண்டர்ஸ்கோர் இருந்தால் அதன்பின் 1 சேர்க்க வேண்டும். சி++ கோப்பென்றால் 'எக்ஸ்டர்ன் சி' இல்லாமல் ஆகாது; கம்பைலர் பெயரை மாற்றிவிடும். பில்டு சுத்தமாக முடியும், ஓடும்போதுதான் 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்' வரும். அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். 'நோ இம்ப்ளிமென்டேஷன் ஃபவுண்ட்' என்றிருந்தால் பெரும்பாலும் பெயரில் கோளாறு. 'டிஎல்ஓப்பன் ஃபெயில்டு' என்றால் எஸ்ஓ கோப்பு (பில்டு செய்து முடித்த சி லைப்ரரி) ஏறவே இல்லை. அந்த போனின் பிராசசருக்கான கோப்பு ஆப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது நான் 'ரெஜிஸ்டர் நேட்டிவ்ஸ்' பக்கம் போய்விட்டேன்; எந்த மெத்தடுக்கு எந்த சி ஃபங்ஷன் என்று நாமே பதிவு செய்யும் முறை அது. பெயர் தப்பாக இருந்தால் லைப்ரரி ஏறும்போதே தெரிந்துவிடும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
எனக்குத் தமிழ் எழுத்தே வில்லங்கமாக வந்ததுங்க. எடை மேடைக்கான பழைய சி லைப்ரரி. விவசாயி பெயருக்கு அதில் 20 பைட் இடம். ஆங்கிலத்துக்குத் தாராளம். ஆனால் 'ஈரோடு' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, அதைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். கொஞ்சம் நீளமான பெயர் என்றால் ஒரு குறியின் நடுவிலேயே வெட்டு விழும். வெட்டுப்பட்டதை, சி சரத்தை ஜாவா சரமாக்கும் 'நியூ ஸ்ட்ரிங் யுடிஎஃப்' கையில் கொடுத்தால், டீபக் பில்டில் (சோதனைக்கான பில்டு) ஆப் அங்கேயே விழுந்துவிடும். விழுந்ததே நல்லது என்பேன். சத்தமில்லாமல் பாதிப் பெயரோடு ரசீது அச்சாகியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

இப்போது சரத்தை அனுப்புவதே இல்லை. லைப்ரரி தருவதைப் பைட் அரேயாக வாங்கி, கோட்லின் பக்கம் வந்த பிறகுதான் எழுத்தாக்குகிறேன். பெயர் லைப்ரரிக்குள் போவதில்லை, வரிசை எண் மட்டும்தான்.

பீளமேட்டான் (கோவை)
பம்ப்செட் அதிர்வைப் படித்து எஃப்எஃப்டி (அதிர்வை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடும் ஆப் எங்களுடையது. சி++ தனி த்ரெடில் (ஆப்புக்குள் பக்கவாட்டில் ஓடும் தனி வேலை ஓட்டம்) ஓடும், முடிவை கோட்லினுக்குத் திருப்பிச் சொல்லும். இந்தத் திரும்பும் பாதைதான் ஆளைக் கொல்கிறது. கோட்லின் பக்கத்தைக் கூப்பிட உதவும் ஜேஎன்ஐ என்வ் பாயின்டர் அந்தந்த த்ரெடுக்கு மட்டுமே சொந்தம். சேமித்து வைத்து இன்னொரு த்ரெடில் நீட்டக் கூடாது. 'அட்டாச் கரன்ட் த்ரெட்' போட்டுப் புதிதாக வாங்க வேண்டும், முடிந்ததும் 'டிடாச்'. சரி, வாங்கியாச்சு. அப்புறம் அதே த்ரெடில் 'ஃபைண்ட் கிளாஸ்' கேட்டால் நம்முடைய கிளாஸ் கிடைக்காது, சிஸ்டம் கிளாஸ் லோடரில்தான் தேடும். லைப்ரரி ஏறும் நேரத்திலேயே கிளாஸைப் பிடித்து, எந்த த்ரெடிலும் செல்லும் குளோபல் ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று: சி++ கூப்பிடும் கோட்லின் மெத்தட் பெயரை ரிலீஸ் பில்டில் ஆர்8 (ஆப்பைச் சுருக்கும் கருவி) மாற்றிவிடும் அல்லது யாரும் கூப்பிடவில்லை என்று தூக்கிவிடும். டீபக்கில் நன்றாக ஓடும். இதைத் தொடாதே என்று ஆர்8-க்குச் சொல்லும் 'கீப்' விதி எழுதாமல் ப்ளே ஸ்டோருக்கு அனுப்பாதீர்கள்.

லாரிப்பட்டறை (நாமக்கல்)
நான் ஃப்ளட்டரில் ஆப் செய்கிறவன். அதன் மொழியான டார்ட்டிலிருந்து சி-யைக் கூப்பிடும் எஃப்எஃப்ஐ-யில் இந்தப் பெயர்க் கூத்தெல்லாம் குறைவுங்கண்ணா. சி ஃபங்ஷன்களின் பட்டியலான ஹெடர் கோப்பைக் கொடுத்தால், எஃப்எஃப்ஐஜென் என்ற கருவி பைண்டிங்கை (இரு பக்கத்தையும் இணைக்கும் கோடு) எழுதித் தந்துவிடும். கையால் எழுதினால் கவனம். சி பக்கம் 64 பிட் எண்ணை எதிர்பார்க்கும்போது நீங்கள் 32 என்று எழுதினால் ஒருவரும் தடுக்க மாட்டார்கள், தப்பான எண் வரும், அவ்வளவுதான். டார்ட் சரத்தை சி சரமாக்க 'டு நேட்டிவ் யுடிஎஃப்8' எடுத்த நினைவகத்தையும் நீங்களேதான் விடுவிக்க வேண்டும், பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது.

நொய்யல்கரை (திருப்பூர்)
மண்டிக்காரருக்கு ஒரு கேள்வி. அந்த எடை லைப்ரரியின் சோர்ஸ் உங்களிடம் இருக்கிறதா, வெறும் எஸ்ஓ கோப்பா? ஆண்ட்ராய்டு 15-க்கும் அதற்கு மேலும் செய்த ஆப்கள் 16 கேபி பேஜ் சைஸில் (போன் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) ஓட வேண்டும் என்று 2025 நவம்பரிலிருந்து கூகுள் ப்ளே கேட்கிறது. சோர்ஸ் இருந்தால் என்டிகே (ஆண்ட்ராய்டுக்கு சி கோடு பில்டு செய்யும் கருவித்தொகுப்பு) ஆர்28-இல் மறுபடி பில்டு செய்தாலே பெரும்பாலும் போதும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
வெறும் எஸ்ஓ தானுங்க. விற்றவர் போனை எடுப்பதில்லை. எடை மேடை அனுப்பும் சீரியல் டேட்டாவைப் பார்த்து நாமே எழுத ஆரம்பித்திருக்கிறேன்.