தங்கையை டிபிடி குழுப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

காவிரிக்கரை:
என் தங்கைக்கு 26 வயது. யாராவது போனை எடுக்கவில்லை என்றால்கூட உலகமே தன்னைக் கைவிட்டதாக உடைந்துபோகிறாள், அரை மணி நேரத்தில் அதே ஆள்மீது கொதிக்கிறாள். முன்பு கையைக் கீறிக்கொண்டதும் உண்டு. மனநல மருத்துவர் டிபிடி (Dialectical Behavior Therapy, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் உளச்சிகிச்சை) திறன் பயிற்சிக் குழுவில் சேரச் சொல்கிறார். வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். "முன்பின் தெரியாதவர்கள் நடுவே என் கதையைச் சொல்லி அழ மாட்டேன்" என்கிறாள் அவள். தனியாக ஆலோசகரைப் பார்த்தால் போதாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
நான் ஓராண்டு போய் முடித்தவள். கதை சொல்லி அழும் இடமே இல்லை அது; வகுப்பு. வெள்ளைப்பலகை, தாள்கள், வீட்டுப்பாடம், இரண்டு பயிற்சியாளர்கள். முதல் பாதியில் போன வாரத் திறனை வீட்டில் எப்படிச் செய்து பார்த்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பிறகு தேநீர், பிறகு புதிய பாடம். ஓர் அக்கா மாமியார் புராணத்தை ஆரம்பித்தால் பயிற்சியாளர் நடுவில் புகுந்து, "அப்போது எந்தத் திறனைப் பயன்படுத்தினீர்கள்?" என்பார். எனக்கு அது ஈவிரக்கமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் அதனால்தான் எல்லாருக்கும் நேரம் கிடைத்தது.

பாடம் நான்கு பகுதி: மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்துவது, நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, பிறரிடம் பேசிப் பெறுவது. முதல் பகுதி எனக்குக் கொட்டாவிதான். கடைசிப் பகுதிக்காகவே மறுபடியும் சேரலாம். என் அப்பா கதவைத் தட்டாமல் அறைக்குள் வருவார், நான் கத்துவேன், வீடு இரண்டுபடும். நடந்ததை நடந்தபடி சொல், அதனால் உனக்கு என்ன ஆகிறது என்று சொல், வேண்டியதைத் தெளிவாகக் கேள், கொடுத்தால் அவருக்கு என்ன நன்மை என்றும் சொல் என்று வரிசை கற்றுக்கொடுத்தார்கள். ஒத்திகையில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என் அப்பாவாக நடித்தார். அசல் அப்பாவைவிட வீம்பு அதிகம்! அவரையே சமாளித்த பிறகு வீட்டில் பேசுவது எளிதாகிவிட்டது. தனி அறையில் ஆலோசகரோடு மட்டும் உட்கார்ந்திருந்தால் இது எங்கே கிடைக்கும்?

இந்தச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் தானும் 17 வயதில் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். தங்கையிடம் அதைச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
நான் இத்துறையில் வேலை செய்கிறேன். கீறிக்கொண்ட பழக்கம் இருப்பதால் குழு மட்டும் போதாது. முழுச் சிகிச்சையில் தனி ஆலோசனையும், நெருக்கடியில் போனில் வழிகாட்டலும் உண்டு. சேரும் முன் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். அதேபோல், தனி ஆலோசனை மட்டும் என்பதும் குறைதான். லைன்ஹன் குழுவினர் 99 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், திறன் பயிற்சி பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அது இல்லாதவர்களைவிட அதிகமாகக் குறைந்தது.

இன்னொன்று: குளிர்நீரில் முகத்தை அமிழ்த்தும் உத்தி கற்றுத்தருவார்கள். இதயத் துடிப்பைச் சட்டென்று குறைப்பது அது. இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி இருவருக்கும். அம்மா, தானும் கூடவே உட்காருவேன் என்கிறார். விடுவார்களா?

மொட்டைமாடி:
பெரியவர்கள் குழுவில் விட மாட்டார்கள். வளரிளம் பருவத்தினருக்கான குழுவில்தான் பெற்றோரும் உட்கார்ந்து படிப்பார்கள். ஆனால் தங்கை கொண்டுவரும் தாள்களை, அவள் சம்மதித்தால், அம்மாவும் வாசிக்கலாம். என் அப்பா வாசித்தார். வாசித்துவிட்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார், அது வேறு கதை. தொடர்ந்து நான்கு வகுப்பு தவறினால் இடம் போய்விடும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை:
"வகுப்பு என்றால் சரி, கடைசி வரிசையில் உட்காருவேன்" என்கிறாள்.

மொட்டைமாடி:
நாற்காலிகளை மேசையைச் சுற்றிப் போட்டிருப்பார்கள். அதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.