பினாங்கு ஆயர் ஈத்தாம் குடும்பம் குரூப்: சித்தப்பாவோட 5.9

சிவா சித்தப்பா: [படம்]
இன்னைக்கு கிளினிக்ல குடுத்த ரிசல்ட். மூணு மாச சராசரி சீனி (HbA1c) 5.9 பர்சன்ட். மாத்திரை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு

தினேஷ்: வாவ் சித்தப்பா!! போன வருஷம் எவ்ளோ இருந்துச்சு

சிவா சித்தப்பா: ஜூலைல 9.4 டா. எடை 92. இப்போ 75

லெட்சுமி அத்தை: முருகா முருகா. தண்ணிமலையானுக்கு பால்குடம் எடுத்துரு தம்பி. அப்போ இனிப்புநீர் முழுசா போயிருச்சா

சிவா சித்தப்பா: போகலக்கா. போயிருச்சுன்னு யாருகிட்டயும் சொல்லிறாத. டாக்டர் இதுக்கு பேரு ரெமிஷன்னு சொன்னாரு, மாத்திரை இல்லாம மூணு மாசம் 6.5க்கு கீழ நின்னா அப்படி சொல்லுவாங்களாம். எடை ஏறுச்சுன்னா திரும்ப வந்துரும். கண்ணு, கால், கிட்னி டெஸ்ட் எல்லாம் வருஷா வருஷம் எப்பவும் போல போகணும்

கண்ணன் பெரியப்பா: [ஃபார்வர்ட் செய்யப்பட்டது]
7 நாளில் சர்க்கரை நோய் ஓட்டம்!! 12 மூலிகைகள் சேர்ந்த பொடி!! இன்சுலின் ஊசிக்கு குட்பை!! ஒரு டப்பா 120 வெள்ளி (ரிங்கிட்) மட்டுமே!!

கண்ணன் பெரியப்பா: நான் ரெண்டு டப்பா வாங்கிட்டேன். ஒண்ணு முடிஞ்சுருச்சு

பிரியா: பெரியப்பா ஊசி போட்டுக்கிட்டு தானே இருக்கீங்க???

பிரியா: பெரியப்பா

கண்ணன் பெரியப்பா: ரெண்டு நாளா ராத்திரி ஊசி போடல. நல்லாத்தானே இருக்கேன்

பிரியா: இப்பவே விரல்ல குத்தி ரத்த சீனி பாத்து நம்பர் அனுப்புங்க ப்ளீஸ். அப்படியே டப்பாவ திருப்பி லேபிள போட்டோ எடுங்க. எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கான்னு பாருங்க. அது இல்லன்னா நம்ம மலேசியால பதிவு பண்ணாத மருந்து. நான் பார்மசில நிக்கிறவ, இந்த மாதிரி பொடில இங்கிலீஷ் மருந்தையே சத்தமில்லாம கலந்து வித்து பிடிபட்டது எத்தனையோ இருக்கு, அதான் சீனி "அதிசயமா" இறங்குது

கண்ணன் பெரியப்பா: 17.2 மில்லிமோல்

கண்ணன் பெரியப்பா: லேபிள்ல சாமி படம் தான் இருக்கு. நம்பர் கிடையாது

சிவா சித்தப்பா: அண்ணே, உங்களுக்கு 18 வருஷமா இருக்கு, எனக்கு மூணே வருஷம். என்னைய பாத்துட்டு நீங்க ஊசிய நிறுத்தாதீங்க. கை எடுத்து கும்பிடுறேன்

பிரியா: பெரியப்பா வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறது ஏதாவது இருந்தா ஆஸ்பத்திரிக்கு தான் போகணும், வீட்ல உக்காந்திருக்க கூடாது. இல்லன்னா இப்பவே உங்க கிளினிக்குக்கு போன் போட்டு ரெண்டு டோஸ் விட்டுட்டேன், 17 இருக்குன்னு சொல்லி எவ்ளோ போடணும்னு கேளுங்க. விட்டதையும் சேத்து போட்டுறாதீங்க

கண்ணன் பெரியப்பா: ஒண்ணும் இல்லமா, தண்ணி தாகம் மட்டும் தான். சரி கேக்குறேன்

தினேஷ்: பிரியா, சித்தப்பாவுக்கு எப்படி வேலை செஞ்சுச்சு அப்போ? நெஜமா கேக்குறேன், எல்லாரும் இது சாகுற வரைக்கும் மாத்திரைன்னு தானே சொல்லுவாங்க

பிரியா: முன்னாடி அப்படித்தான் சொன்னாங்க. பிரிட்டன்ல நியூகாசில் ராய் டெய்லர், கிளாஸ்கோ மைக் லீன், இந்த ரெண்டு ப்ரொபஸரும் சேர்ந்து செஞ்ச டைரக்ட்னு ஒரு ஆய்வு 2017ல வந்துச்சு. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 850 கலோரிதான், சூப்பும் ஷேக்கும், மூணுலேர்ந்து அஞ்சு மாசம், அப்பறம் மெல்ல சாதாரண சாப்பாட்டுக்கு திரும்புறது. ஒரு வருஷத்துல 46 பர்சன்ட் பேருக்கு மாத்திரை இல்லாமலே ரெமிஷன், 15 கிலோ இல்ல அதுக்கு மேல இறக்கினவங்கள மட்டும் எடுத்தா 86. ஆனா ரெண்டாவது வருஷம் மொத்தத்துல 36க்கு இறங்கிருச்சு, ஏன்னா எடை திரும்ப ஏறிருச்சு நிறைய பேருக்கு. அதுல சேத்தவங்க எல்லாம் வியாதி வந்து 6 வருஷத்துக்குள்ள இருந்தவங்க, இன்சுலின் போடாதவங்க. அதான் பெரியப்பாவுக்கு அந்த கணக்க அப்படியே பொருத்த முடியாது, எடை குறைச்சா அவருக்கும் நல்லதுதான், ஊசி அளவு குறையலாம், ஆனா அத டாக்டர் தான் குறைக்கணும்

தினேஷ்: எடைக்கும் சீனிக்கும் என்னா சம்பந்தம்

பிரியா: கல்லீரல்ல கொழுப்பு சேந்து, அது நிறைஞ்சு கணையத்துக்கும் போயிருது. இன்சுலின் சுரக்குற செல்லு அதுல மாட்டிக்கிட்டு வேலைய விட்டுருது. கொழுப்பு இறங்கினா கொஞ்சம் பேருக்கு திரும்ப வேலைக்கு வருது, ரொம்ப வருஷம் ஆயிருச்சுன்னா வர்றது கஷ்டம். நீ சிரிக்காத, உனக்கும் தான், நம்ம ஆளுங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே கவலைப்படணும், பொம்பளைங்களுக்கு 80. அளந்து பாரு

தினேஷ்: 🙈 டேப் காணோம்

லெட்சுமி அத்தை: சரி தம்பி என்னா சாப்ட்ட, எழுது. நானும் நாளைலேர்ந்து ராத்திரி சோறு கட்

பிரியா: அத்தை நில்லுங்க. நீங்க சாப்பாட்டுக்கு முன்னாடி கிளிக்ளசைட் சீனி மாத்திரை போடுறீங்கல்ல? அத போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சீனி ரொம்ப இறங்கிரும்

சிவா சித்தப்பா: அக்கா இது எனக்கு நடந்தது. ஆரம்பத்துல யாரையும் கேக்காம சோத்த பாதியாக்கிட்டு அதே மாத்திரைய போட்டுக்கிட்டு இருந்தேன். பத்து லஞ்சாங் பாசார்ல மீன் வாங்கிட்டு நிக்கிறேன், கை நடுங்குது, சட்டையெல்லாம் வேர்வை, மீன் காரரு பேசுறது காதுல விழுது ஆனா புரியல. அவரே கடைப் பையன அனுப்பி சீனி போட்ட தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கி குடிக்க வச்சாரு. வீட்டுக்கு வந்து குத்தி பாத்தா அப்பவும் 3.8. மறுநாளே டாக்டர்கிட்ட போனேன், திட்டிட்டு முதல்ல அந்த மாத்திரைய பாதியாக்கினாரு, அப்பறம் எடுத்துட்டாரு, மெட்ஃபார்மின்னு இன்னொரு மாத்திரை கடைசியா தான் நின்னுச்சு. எனக்கு ஏழு மாசம் ஆச்சு இதெல்லாம்

பிரியா: கேட்டுக்கிட்டீங்களா அத்தை. 3.9க்கு கீழ போனா மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கலக்கி குடிச்சுட்டு 15 நிமிஷத்துல திரும்ப குத்தி பாக்கணும். சாப்பாட்ட குறைக்கிறதுக்கு முன்னாடியே கிளினிக் மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்) சொல்லுங்க

லெட்சுமி அத்தை: சரி சரி. என்னா சாப்ட்டன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்றீங்க

சிவா சித்தப்பா: ஷேக் எல்லாம் நமக்கு கட்டுப்படி ஆகாதுக்கா. முதல்ல நிறுத்துனது தே தாரே. காலைல ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு, வேலை முடிஞ்சு ஒண்ணு, மூணுலயும் கெட்டிப்பால். இப்போ பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். மொத ரெண்டு வாரம் தலைவலி உயிர் போச்சு. காலைல பசியாறுறதுக்கு ரெண்டு ரொட்டி சானாய்க்கு பதிலா ரெண்டு முட்டை, கொஞ்சம் கொண்டைக்கடலை. மத்தியானம் அந்த கிளினிக் போஸ்டர்ல இருக்குமே சுக்கு சுக்கு செப்பாரோ (கால், கால், பாதி), தட்டுல கால்வாசி சோறு, கால்வாசி மீனு இல்ல கோழி இல்ல தவு (டோஃபு), பாதி காய். கங்கோங், வெண்டைக்கா, பாயாம்னு மாத்தி மாத்தி. நாசி கண்டார் சோறு மாசத்துக்கு ஒரு தடவ, அதுலயும் குழம்ப வெள்ளமா ஊத்துற குவா பஞ்சிர் கிடையாது. ராத்திரி ஏழு மணிக்கு மேல வாய் தொறக்கிறதில்ல. நடக்குறது சாப்ட்டு பதினஞ்சு நிமிஷம் வீட்ட சுத்தி, சனி ஞாயிறு பொட்டானிக்கல் கார்டன். மூணாவது மாசம் தண்ணிமலை படி ஏற ஆரம்பிச்சேன், 513 படி, முதல் நாள் எத்தனை தடவ உக்காந்தேன்னு முருகனுக்கு தான் தெரியும்

வாசுகி சித்தி: எல்லாம் "நான்" "நான்"னு எழுதிருக்காரு பாத்தீங்களா அண்ணி 😂 கால்வாசி சோறு தானா தட்டுல வந்து உக்காந்துச்சு. ஆறு மாசம் எங்க வீட்ல ரெண்டு சமையல், பிள்ளைங்களுக்கு ஒண்ணு இவருக்கு ஒண்ணு, காய் நறுக்கி நறுக்கி என் விரலு போச்சு, அப்பறம் ஒரு நாள் கோவம் வந்து எல்லாருக்கும் இதான்னு ஒரே சமையல் பண்ணிட்டேன், பிள்ளைங்க ரெண்டு நாள் மூஞ்ச தூக்கி வச்சுட்டு அப்பறம் சாப்ட்டுச்சுங்க. தீபாவளிக்கு வீடு வீடா போயி முறுக்கு வேணாம் கேக் வேணாம்னு இவரு சொல்ல, என்னா வாசுகி புருஷன பட்டினி போடுறியான்னு என்னைய கேட்டாங்க. பாசார்ல ஒரு அக்கா ஓரமா கூப்ட்டு வீட்டுக்காரருக்கு ஏதும் பெரிய வியாதியான்னு கண்ணு கலங்கி கேக்குது. எடை குறைஞ்சா நம்ம சனம் சந்தோஷப்படாது போல

லெட்சுமி அத்தை: அந்த பட்டினி கேள்விய கேட்டது நான்தான் 😔 மன்னிச்சுக்க வாசுகி

வாசுகி சித்தி: ஐயோ அண்ணி உங்கள சொல்லல. (உங்களையும் தான்)

தினேஷ்: 🤣🤣🤣

கண்ணன் பெரியப்பா: கிளினிக்ல பேசிட்டேன். இன்னைக்கு ராத்திரி பழைய அளவே போட சொன்னாங்க, நாளைக்கு காலைல வர சொன்னாங்க. மிஸ்ஸி திட்டுனது உங்க பெரியம்மாவுக்கே கேட்டுச்சு. மீதி டப்பாவ என்னா பண்றது, 120 வெள்ளி

பிரியா: குப்பைல போடாதீங்க, கிளினிக்குக்கு எடுத்துட்டு போய் காட்டுங்க. அத்தை, இன்னைக்கு ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் குத்தி பாத்து அனுப்புங்க, எந்த சாப்பாடு உங்களுக்கு ஏத்துதுன்னு தெரியும்

லெட்சுமி அத்தை: முன்னாடி 7.1

லெட்சுமி அத்தை: இப்போ 13.8. மெஷின் கெட்டுப் போச்சு போல. ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்ட்டேன்

பிரியா: ரெண்டு இட்லிக்கு இவ்ளோவா. தொட்டுக்க என்னா அத்தை, சட்னியா சாம்பாரா?

லெட்சுமி அத்தை: ரெண்டும் இல்ல, தனி ஆளுக்கு யாரு அரைக்கிறது

லெட்சுமி அத்தை: சீனி

வாசுகி சித்தி: அண்ணீ!!!!