பெரியவீட்டு உறவுகள்: வரத்துக்கால் வேலை

பெரியப்பா: நேற்று மந்தையில் கூட்டம். ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டிவிட வேண்டும். ஞாயிறு காலை 6 மணி. தலைக்கட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டி அரிவாளோடு. நம்மில் யார் யார் வருகிறீர்கள்?

செல்வம் சென்னை: ஆளுக்குப் பதில் பணம் போடலாமா பெரியப்பா? ஜிபே நம்பர் அனுப்புங்கள்

பாண்டி: நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்

முத்து அத்தை: பணம் வந்து மண் வெட்டுமா

பெரியப்பா: தம்பி, பணம் போட்டால் ஜேசிபி வரும். போன தடவை வந்தது கரையோரச் சீமைக்கருவேலத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. வரத்துக்கால் எங்கே மேடிட்டிருக்கிறது, யார் வரப்பு உள்ளே நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் நாலு பேர் சேர்ந்து நடந்தால்தான் தெரியும். ஊரே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பேர். வராதவனிடம் தண்டம் வாங்க 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். அப்பா காலத்தில் சட்டத்தை யார் பார்த்தது, மடைத் தண்ணீர் வேண்டுமென்றால் வந்தாக வேண்டும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்ததும் ஆளாளுக்கு போர்வெல் போட்டோம். கண்மாயைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. 2016-இல் மழை பொய்த்தபோது அத்தனை போரிலும் காற்றுதான் வந்தது. கண்மாய் பெருகினால்தானப்பா போரிலும் ஊறும்.

கவிதா கோவை: சரி பெரியப்பா

முத்து அத்தை: செல்வத்தின் அப்பா போட்ட போரில்தான் எங்கள் கிணறு வற்றியது

செல்வம் சென்னை: அத்தை அது பழைய கதை

முத்து அத்தை: கிணறு இன்றைக்கும் வற்றித்தான் கிடக்கிறது

பாண்டி: ஆரம்பித்துவிட்டார்கள்

கவிதா கோவை: தையில் பாப்பாவுக்குக் காதுகுத்து. சமையலுக்கு ஊர் ஆளா, மதுரை கேட்டரிங்கா?

பாண்டி: கேட்டரிங். ஆனால் போன தடவை வந்தவர் வேண்டாம், ரசம் வெறும் சுடுதண்ணீர்

முத்து அத்தை: உன் காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரி தெருவே உட்கார்ந்து காய் நறுக்கியது கவிதா. இப்போது கூப்பிட்டால் கதவு திறப்பதில்லை

கவிதா கோவை: எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள் அத்தை

பெரியப்பா: காதுகுத்தை அப்புறம் பேசலாம். ஞாயிறுக்கு ஆள் சொல்லுங்கள்.

பாண்டி: 9 மணி வரை நிற்கிறேன், அப்புறம் டியூட்டி

முத்து அத்தை: மூத்தவனை அனுப்புகிறேன் அண்ணே. மண்வெட்டிக்குக் காம்பு இல்லை

பெரியப்பா: காம்பு நான் போட்டுத் தருகிறேன். செல்வம்?

செல்வம் சென்னை: டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. பஸ் பார்க்கிறேன்

முத்து அத்தை: பார்

கவிதா கோவை: கேட்டரிங்கா இல்லையா?