ஒளியச்சம் வேண்டாம், ஒளிக்கூச்சம் என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கண் நலக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், வெளிச்சத்தைக் கண் தாங்காத நிலையைக் குறிக்கும் ‘போட்டோஃபோபியா’வுக்கு நேராக ‘ஒளியச்சம்’ என்று எழுதி முடித்துவிடலாம் எனப் பலரும் இசைந்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். அந்தச் சொல்லால் என் மகள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு 13 வயதில் ஒற்றைத் தலைவலி தொடங்கியது. வலி வரும் நாளில் குழல்விளக்கின் வெளிச்சமே கண்ணில் ஊசியாய்க் குத்தும். பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தில் அகராதியைப் பார்த்து ‘ஒளியச்சம் உள்ளது’ என்று எழுதியவன் நான்தான். ஆசிரியை நல்லவர். பிள்ளையின் பயத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்து, ஜன்னலோர பெஞ்சில் உட்காரவைத்து, “வெளிச்சத்துக்கு என்னம்மா பயம், பழகிக்கொள்” என்று தைரியம் சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்து வீட்டுக்கு வந்தாள். ஆசிரியை கடிதத்தில் இருந்ததைத்தான் படித்தார். தவறு சொல்லில் இருந்தது.

கிரேக்கத்தில் ‘ஃபோபோஸ்’ என்றால் அச்சம் என்பது சரிதான். ஆனால் அவர்கள் சொல்லில் இருக்கும் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இது மனம் அஞ்சுவதல்ல, நரம்பு நோவது. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒற்றைத் தலைவலி உள்ள பார்வையற்றவர்களைக் கவனித்தார்கள். உருவம் எதுவும் தெரியாவிட்டாலும் ஒளியை மட்டும் உணரக்கூடியவர்களுக்கு வெளிச்சத்தில் வலி கூடியது. பார்வை நரம்பே செயலற்றுப்போனவர்களுக்குக் கூடவில்லை. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. உருவம் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை அல்ல. ஒளியின் அளவை மூளைக்குச் சொல்வதே வேலை. வலிப் பாதையோடு அவற்றுக்கு உள்ள தொடர்பைத்தான் அந்த ஆய்வு சுட்டியது. இதில் அச்சத்துக்கு எங்கே இடம்?

தமிழன் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தவர் என்ன சொல்கிறார்? “கண் கூசுகிறது.” ஐஸ் பட்டால் பல் கூசுகிறது, அதைப் பல் கூச்சம் என்று பல் மருத்துவர்களே எழுதுகிறார்கள். அதே தடத்தில் ஒளிக்கூச்சம். ‘கூச்சம் என்றால் நாணம் என்று பொருள்பட்டுவிடுமே’ என்று புலவர் ஐயா கேட்டிருந்தார். பல் கூச்சம் என்றதும் பல் நாணுவதாக யாரும் நினைப்பதில்லையே, ஐயா. இரண்டு பொருளுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: தாங்காமல் சுருங்குதல். வெளிச்சத்தில் இமை செய்வதும் அதைத்தான்.

‘ஒளியொவ்வாமை’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. சில மருந்துகளை உட்கொண்டு வெயிலில் போனால் தோல் சிவந்து தடிக்கிறதே, அந்தப் பக்கத்துக்கு அது வேண்டியிருக்கும். ‘ஒளிக்கூச்ச நோய்’ என்றும் எழுத வேண்டாம். இது அறிகுறி மட்டுமே. கருவிழியில் கீறல், கண்ணின் உள்ளழற்சி, மூளை உறை அழற்சி என எதனாலும் வரலாம். நோய் என்று பெயரிட்டால் படிப்பவர் அதோடு நின்றுவிடுவார், காரணத்தைத் தேடி மருத்துவரிடம் போக மாட்டார்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். என் கவலை இங்கேதான் அதிகம். நிறமேற்றிய கண்ணாடியைக் குறிக்கும் ‘டின்டட் லென்ஸ்’ என்பதற்குப் பட்டியலில் ‘கறுப்புக் கண்ணாடி’ என்று இருக்கிறது. ஒளிக்கூச்சம் உள்ளவர் அதைப் படித்தால் கடையில் கிடைப்பதிலேயே கறுப்பான கூலிங் கிளாஸை வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்வார். என் மகள் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தாள். கண் இருட்டுக்குப் பழகிப்போய், கழற்றிய நேரமெல்லாம் முன்பைவிட அதிகமாகக் கூசியது. வெயிலுக்குக் கறுப்புச் சரி, வீட்டுக்குள் கூடாது என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார்.

அவர் எழுதிக் கொடுத்தது எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயம். குழல்விளக்கின் வெளிச்சம் தாங்காதவர்களுக்கென்று இங்கிலாந்தில் பர்மிங்காமில் உருவானது. எல்லா ஒளியையும் மங்கவைக்காமல் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சைப் பகுதியைத்தான் அதிகமாக வடிக்கிறது. மெலனாப்சின் மிகவும் விழித்துக்கொள்ளும் இடம் அது. 1991இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், இதை அணிந்த சிறுவர்களுக்கு ஒற்றைத் தலைவலி மாதம் 6.2 முறை என்பதிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. எல்லாருக்கும் அதே பலன் என்று கையேட்டில் உறுதி கூற முடியாது. என் மகளுக்கு வலி நிற்கவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார முடிகிறது.

ஆகவே, கறுப்பு என்ற எண்ணத்தையே எழுப்பாத சொல் வேண்டும். முதலில் ‘சாயவில்லை’ என்று நினைத்தேன். எழுதிப் பார்த்ததும் சரிவராது என்று தெரிந்துவிட்டது. ‘சுவர் சாயவில்லை’ என்பதுபோலப் படிக்கிறது. ‘நிறவில்லை’யும் அப்படியே, நிறமே இல்லை என்பதுபோல ஒலிக்கிறது. லென்ஸுக்கு வில்லை நல்ல சொல்தான், இந்தக் கூட்டில் மட்டும் அது எதிர்மறையாகிவிடுகிறது.

விடை கிடைத்தது கண்ணாடிக் கடையின் பின்னறையில். சூடான சாயம் நிறைந்த சிறு தொட்டிகள் வரிசையாக இருந்தன. பணியாளர் இரண்டு வில்லைகளையும் கம்பிக் கவ்வியில் மாட்டி உள்ளே இறக்கினார். சில நிமிடம் கழித்து எடுத்துக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாளின் மேல் மாதிரி வில்லைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு சாயை வெளுத்திருந்தது. “இன்னொரு முறை தோய்க்க வேண்டும்” என்றார். நூலுக்குச் சாயம் தோய்ப்பவர் சொல்லும் அதே சொல்!

தோய்நிறக் கண்ணாடி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எல்லா வில்லையும் சாயத்தில் தோய்வதில்லை, பாலிகார்பனேட்டுக்கு மேற்பூச்சில்தான் நிறம் ஏறுகிறது என்று மருத்துவர் அம்மா சுட்டிக்காட்டக்கூடும். உண்மைதான் அம்மா. ஆனாலும் நிறம் ஊடே பரவி நிற்கிறது என்ற பொருளைத் ‘தோய்’ தாங்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துவிட வேண்டும். கடைக்காரர் ‘80 சதவீத டின்ட்’ என்றால் 80 சதவீத ஒளியைத் தடுப்பது, 20 கடக்கும். வெயில் கண்ணாடிகளுக்கான பன்னாட்டுத் தர அட்டவணையோ கடக்கும் ஒளியைக் கணக்கிடுகிறது: மூன்றாம் வகையில் 8 முதல் 18 சதவீதம், நான்காம் வகையில் 3 முதல் 8. நான்காம் வகையை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் கலந்தால் ஆபத்து. கடப்பதை ‘ஒளிக்கடப்பு’ என்றும், தடுப்பதைத் ‘தோய்வளவு’ என்றும் பிரித்து எழுதலாமா?

‘போலரைஸ்டு’ கண்ணாடிக்கான சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தமிழகப் பாடநூல் தளவிளைவு என்கிறது, இலங்கை நண்பர்கள் முனைவாக்கம் என்கிறார்கள். ஈரச் சாலையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறைப்பதே அதன் வேலை, வீட்டுக்குள் குழல்விளக்கிலிருந்து அது காக்காது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்தால் நல்லது. யாரேனும் உதவுங்கள், அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.

நேற்றிரவு திருத்திய பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்மையில் கண் புரை அறுவை செய்துகொண்டவர். ‘ஒளியச்சம்’ என்றபோது யாருக்கு என்ன பயம் என்று கேட்டார். ‘ஒளிக்கூச்சம்’ என்றதும், “கட்டுப் பிரித்த அன்று எனக்கு இருந்ததே, அதுதானே?” என்றார்.