மெசின் கேட்ட கடிதம்

பெரியப்பா: பவி, கமக்காரர் அமைப்பின் பெயரில் நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அதில் ஏதோ பிழையாம். கச்சானுக்குத் தண்ணீர் இறைக்க இரண்டு கிழமைக்கு மெசினை இரவல் கேட்டதுதான். கடிதத்தை வாங்கிய பெடியன் வாசித்துவிட்டு, "எங்கள் மெசினை யாருக்கு ஐயா கொடுக்கப் போகிறீர்கள்?" என்று சிரிக்கிறான்.

பவி: என்ன சொல் போட்டீர்கள் பெரியப்பா?

பெரியப்பா: லென்ட். இரவல்தானே?

பவி: இரவல்தான், ஆனால் கொடுக்கிற பக்கம். வாங்குகிற பக்கத்துக்கு பொரோ. நாங்கள் இரவல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பின்னால் கொடு, வாங்கு என்று மாற்றிச் சமாளிக்கிறோம், அவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியது "உங்கள் மெசினை நாங்கள் இரவல் கொடுக்க விரும்புகிறோம்" என்று வந்திருக்கும் 😂 வங்கி லென்ட் பண்ணும், நாங்கள் பொரோ பண்ணி வட்டி கட்டுவோம். அப்படி ஞாபகம் வையுங்கள்.

மாமி: வட்டி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. நான் 50,000 எடுத்தபோது அந்தக் கடன் புத்தகத்தில் பிரின்சிப்பல் என்று ஒரு கட்டம் இருந்தது. பள்ளிக்கூட அதிபரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாக்கும் என்று வெயிலுக்குள் சைக்கிளில் போய் நின்றேன்.

கண்ணன்: அம்மா!!! இதை ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை 🤣

பவி: மாமி, அது முதல். வட்டி சேராத முதல். சொல் ஒன்றுதான், அதிபருக்கும் அதுதான், கடன் முதலுக்கும் அதுதான். லத்தீனில் அதன் வேர் 'முதலாவது' என்ற பொருளில் வருகிறது. எங்கள் தமிழிலும் பாருங்கள், முதல் என்றால் காசு, முதல்வர் என்றால் தலைவர். எங்கேயோ இருக்கிற இரண்டு பாஷை ஒரே மாதிரி யோசித்திருக்கிறது. கொள்கைக்கு வருகிற பிரின்சிப்பிள் வேறு சொல், அதன் கடைசி எல், ஈ. வேர் என்னவோ அதே வேர்தான்.

கண்ணன்: எனக்கு லூஸ். லண்டனுக்கு வந்த புதிதில் பேங்க் கார்ட் தொலைந்துவிட்டது என்று ஒரு ஃபோர்மில் இரண்டு ஓ போட்டு எழுதிக் கொடுத்தேன். தொலைப்பதற்கு ஒரு ஓ, இரண்டு ஓ போட்டால் தளர்வு. நான் எழுதியபடி பார்த்தால் கார்ட் கழன்று ஆடுகிறது.

மாமி: இங்கே அப்படி எழுதினால் ஆள்தான் லூஸ் என்பார்கள்.

பவி: உண்மையில் சத்தமும் வேறு மாமி. தொலைப்பதில் கடைசியில் இசட் மாதிரி அதிரும், தளர்வில் வெறும் எஸ். அந்த இசட் சத்தம் எங்கள் வாயில் சும்மா வராது. அட்வைஸ் என்ற சொல்லிலும் இதே கரைச்சல்தான், சீ போட்டால் புத்திமதி, எஸ் போட்டால் புத்தி சொல்வது, நாங்கள் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறோம். போதாக்குறைக்கு சூஸ் என்ற சொல்லுக்கு இரண்டு ஓவும் இருக்கிறது, இசட் சத்தமும் இருக்கிறது. எழுத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

பெரியப்பா: அப்போ ஸ்டேஷனரி? சந்தியில் ஒரு கடைப் பலகையில் ஏ போட்டிருக்கிறது, பக்கத்துக் கடையில் ஈ.

பவி: கொப்பி, பேனைக்கு ஈ. பேப்பர் என்ற சொல்லின் கடைசியில் ஈ, ஆர் வருகிறதல்லவா, அதை வைத்துப் பிடியுங்கள். ஏ போட்டால் அசையாமல் நிற்பது. ஆனால் அந்தக் கடைக்காரரை முழுக்கப் பிழை சொல்லவும் மனம் வரவில்லை 🙂 வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போடுகிறவர்கள் பொங்கல் முடிய மூட்டை கட்டிவிடுவார்கள், முள்ளியவளையில் கட்டடம் எடுத்து இருக்கிறவர் அங்கேயேதான் இருப்பார். ஐரோப்பாவிலும் முந்தி வியாபாரிகள் பலர் ஊர் ஊராகத் திரிந்தவர்கள், புத்தகம் விற்றவர்கள் பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நிலையாக இருந்தார்கள். ஓரிடத்தில் நிற்கிறவர் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. பிறகு அவர் விற்ற சாமானுக்கும் அதே பெயர்.

பெரியப்பா: அப்போ கடையும் நிற்கிறது, சாமானும் நிற்கிறது. சரி, நான் கடிதத்தைத் திருத்துகிறேன். பொரோ. நாளைக்குக் காலையில் கொண்டுபோகிறேன்.

மாமி: அண்ணை, மாசியில் என்னிடம் எடுத்துப் போன மண்வெட்டி எது?

பெரியப்பா: அது நீ லென்ட் பண்ணியது. பின்னேரம் கொண்டு வருகிறேன்.