துப்பாக்கி உரிமம், பயிற்சி பற்றி விவரம் வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளைக் காட்டுப்பன்றி விட்டுவைப்பதில்லை. கன்றைச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது. வேட்டைத் துப்பாக்கிக்கு மனுப்போடச் சொல்கிறார் மாமா. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும், பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனி என்பது தெரியும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. அதனால் இரவல் துப்பாக்கிப் பேச்சே வேண்டாம்.

எனக்கு முக்கியம் பயிற்சிதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டாவை இறக்குவது, பூட்டி வைப்பது எல்லாம் முறையாகக் கற்காமல் தொடமாட்டேன். பேராவில் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தரும் துப்பாக்கி சுடும் கிளப் எது? அண்மையில் உரிமம் எடுத்தவர்கள் இருந்தால், போலீஸில் என்னென்ன கேட்டார்கள், இரும்புப் பெட்டி முன்கூட்டியே வாங்க வேண்டுமா என்று சொல்லுங்கள்.